பையைத் துழாவலாம், ஆனால் பட்டியல் எங்கே?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குறுவைக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் நேரத்தில், மடை திறப்பது யார் என்று அவர் கணவருக்கும் அடுத்த வயல்காரருக்கும் தகராறு. வயல்காரருக்கு மண்டையில் காயம். அரிவாளால் வெட்டினார் என்று புகார் போய், குற்றங்களுக்கான புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி) (ஆபாசப் பேச்சு), 118(1) (ஆயுதத்தால் காயம்), 351(3) (கொலை மிரட்டல்) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது. மறுநாள் காலை கூட்டுறவுச் சங்கத்தில் இந்தச் சகோதரியின் வளையலை அடகு வைத்து 30,000 ரூபாய் வாங்கிய கணவர், உரக்கடையில் 7,600 ரூபாய்க்கு உரம் வாங்கிப் போட்டுவிட்டு, மச்சானோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் வந்து பிடித்திருக்கிறது. மஞ்சப்பையை அங்கேயே பெஞ்சில் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறார்கள். உள்ளே பட்டா நகல், போன், கதிர் அறுக்கும் கருக்கரிவாள், மிச்சப் பணம். மச்சானின் சட்டைப் பையையும் துழாவினார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறக்கச் சொல்லி, இந்தச் சகோதரியின் போனையும் அவர் பெயரில் இருக்கும் பைக்கையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். "ஒரு லேடி போலீஸ்கூட வரவில்லை சார், எதுக்கும் ரசீது தரவில்லை" என்கிறார். கணவர் இப்போது ஜாமீனில் வந்துவிட்டார், தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார். கோர்ட்டில் வக்கீல் பார்த்த பட்டியலில் "டச் போன் 1, கருக்கரிவாள் 1, ரொக்கம் ரூ.400" என்று மட்டும் இருக்கிறது.

அவர் கேட்பது இதுதான். வாரண்ட் இல்லாமல் பையைத் தொட்டதே தப்புதானே, கெசட்டட் ஆபீசர் முன்னால்தான் சோதனை போட வேண்டும் என்று யூடியூபில் ஒரு வக்கீல் சொன்னாரே, இதை வைத்தே கேஸை உடைத்துவிடலாமா?

சகோதரி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். போலீஸ் பையைச் சோதித்தது தப்பில்லை. வாரண்டும் வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். என்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 49ஆவது பிரிவு (பழையதில் 51), ஜாமீனில் விட முடியாத குற்றத்திலோ, ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாத நிலையிலோ ஒருவரைக் கைது செய்தால் அவரைச் சோதித்து, உடுத்தத் தேவையான துணி தவிர மற்றதையெல்லாம் பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்கிறது. 118(1) ஜாமீனில் விட முடியாத பிரிவு. ஆயுதம் இருந்தால் எடுக்க 50ஆவது பிரிவு தனியாகவே இருக்கிறது. ஆக, கைதான ஆளின் கையிலிருந்த பையைத் திறந்ததற்காகச் சண்டை போட்டால் நீங்கள் தோற்பீர்கள்.

ஆனால் அதே 49ஆவது பிரிவில் அடுத்த வரி ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எடுத்த பொருட்களைக் காட்டும் ரசீதைக் கைதானவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கலாம் என்றில்லை, கொடுக்க வேண்டும். உங்கள் கேஸில் சட்டம் மீறப்பட்ட இடம் பையைத் திறந்தது இல்லை, அதற்கு அப்புறம் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டது. உங்கள் கடிதத்தில் இருக்கும் கோபத்தில் முக்கால் பங்கு பையைத் திறந்ததன் மேல் போய்விட்டது. அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்.

மச்சான் விஷயம் வேறு. 49ஆவது பிரிவு கைதானவருக்கு மட்டும்தான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார் என்பதற்காக அந்தப் பிரிவை வைத்து அவர் சட்டைப் பையைத் துழாவ முடியாது. அவரிடமிருந்து எதுவும் எடுக்கவில்லை என்பதால் இப்போதைக்கு இதைப் பெரிதாக்க வேண்டாம், ஏனென்றால் அவர் உங்களுக்கு முக்கியமான சாட்சியாக வரப்போகிறார்.

யூடியூபில் கேட்ட கெசட்டட் ஆபீசர்

அது கஞ்சா, போதைப்பொருள் வழக்குகளுக்கான விதி. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, உடம்பைச் சோதிப்பதற்கு முன் கெசட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப் போகக் கேட்கும் உரிமை உண்டு என்று ஆளிடம் சொல்லச் சொல்கிறது. அதிலும்கூட பை என்பது உடம்பில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ரஞ்சன் குமார் சட்டா வழக்கில் மறுபடி சொல்லிவிட்டது. மடைத் தகராறுக்கு அது பொருந்தவே பொருந்தாது. உங்கள் வக்கீல் இதை வாதத்தில் சேர்க்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள், அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

சோதனை தப்பு என்றால் கேஸ் விழுந்துவிடும் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் அப்படி ஒரு விதி கிடையாது. 1973இல் பூரன்மல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், சோதனையில் சட்டக் குறை இருந்தது என்பதற்காக மட்டும் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்காமல் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. குறை இருந்தால் சாட்சியத்தின் எடை குறையும், போலீஸ் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" சில கேஸ்களில் ரொம்பப் பெரிசு, அரிவாள் விஷயத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

வீட்டுச் சோதனை

இங்கேதான் போலீஸுக்குக் கட்டுப்பாடு அதிகம். கைதானவரின் பையைப் பார்க்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. வாரண்ட் இல்லாமல் வர பி.என்.எஸ்.எஸ்.ஸின் 185ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் சும்மா இல்லை. என்ன பொருளைத் தேடுகிறோம், அது அங்கே இருக்கும் என்று ஏன் நம்புகிறோம், ஏன் தாமதிக்க முடியாது என்பதை அதிகாரி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் மனு போட்டால் அந்த நகல் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் போடுங்கள், உங்கள் பெயரிலேயே.

103ஆவது பிரிவுப்படி அக்கம்பக்கத்தில் நல்ல பேர் உள்ள, போலீஸோடு சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். நம் பக்கம் வழக்கமாக வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் நிஜமாகவே வந்தார்களா, அல்லது அப்புறம் ஸ்டேஷனில் வைத்துப் போட்டார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை மறப்பதற்குள் எழுதி வையுங்கள். சோதனை நடக்கும்போது கூட நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்த பொருட்களின் பட்டியலைச் சாட்சிகளின் கையெழுத்தோடு உங்களிடம் ஒரு பிரதி தந்திருக்க வேண்டும்.

புதுச் சட்டத்தில் வந்த நல்ல விஷயம் 105ஆவது பிரிவு. சோதனையையும், பட்டியல் எழுதிச் சாட்சி கையெழுத்துப் போடுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனே போதும். அதைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். "ஒரு போலீஸ்காரர் போனைப் பிடித்துக்கொண்டே நின்றார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் ஒரு வீடியோ இருக்க வேண்டும். இருந்தால் உங்கள் பீரோவிலிருந்து எடுத்ததெல்லாம் அதில் தெரியும். இல்லை என்றால் அந்தப் போலீஸ்காரர் எதற்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கூண்டில் வைத்துக் கேட்கலாம். டீக்கடையில் பையைக் கொட்டியதற்கும் இது பொருந்துமா என்றால், வெறும் பாதுகாப்புக்கு எடுத்து வைத்தோம் என்று சொன்னால் வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் அரிவாளையும் போனையும் வழக்குப் பொருளாக 106ஆவது பிரிவில் கைப்பற்றியிருக்கிறார்கள் என்றால், அதற்கும் வீடியோ வேண்டும்.

பெண் போலீஸ் வராதது பற்றி. ஒரு பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியமாகச் செய்ய வேண்டும். உங்களை யாரும் தொடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பீரோவை மட்டும் பார்க்கும்போது பெண் போலீஸ் இல்லை என்பதை வைத்துச் சோதனையே செல்லாது என்று சொல்ல முடியாது. ஆனால் "விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா" என்று உங்களைக் கூப்பிட்டார்களே, அதற்கு நீங்கள் போக வேண்டியதில்லை. சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிப்பதானால் அவர் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று 179ஆவது பிரிவு சொல்கிறது.

22,400 ரூபாய்

கணக்குப்படி பையில் அவ்வளவு இருந்திருக்க வேண்டும். பட்டியலில் 400. உங்களுக்கு உடனே தோன்றுவது எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் எடுத்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், வேறு ஏதாவது மகஜரில் (எடுத்த பொருளைச் சாட்சிகள் முன்னால் எழுதும் தாள்) அந்தப் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கைது குறிப்பு, உடல் சோதனைப் பட்டியல், கைப்பற்றிய மகஜர், பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95, இந்த நான்கின் நகலுக்கும் வக்கீல் மூலம் நகல் மனு போடுங்கள். வக்கீல் ஒரு பார்வை பார்த்தார் என்பது போதாது.

அடகு ரசீதும் உர பில்லும்தான் உங்கள் கையில் இருக்கும் பலம். சங்கத்து ரசீதில் அன்றைய தேதி இருக்கும், உர பில்லில் தேதியோடு நேரமும் இருக்க வாய்ப்பு உண்டு, இரண்டும் சேர்ந்து அன்று காலை பையில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடும். அசலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். அடுத்தது கேமரா. டீக்கடைக்கு எதிர்க்கடையில் கேமரா இருந்தால், பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறி அழிந்துவிடும், இன்றே போய்க் கேளுங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தேதிப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் ஒரு மனு, எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்.

புகார் கொடுத்தால் இன்னும் கேஸ் போடுவார்களே என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் அர்த்தமில்லாதது இல்லை, தினமும் அதே ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் ஆளைப் பற்றித்தானே பேசுகிறோம். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஜாமீன் நிபந்தனையை மாற்றி, கோர்ட்டிலேயே கையெழுத்துப் போட அனுமதி கேளுங்கள். அது கிடைத்தபின் பணம் பற்றிய மனு. மனுவிலும் "திருடினார்" என்ற சொல் வேண்டாம், "பையில் இவ்வளவு இருந்தது, பட்டியலில் இவ்வளவுதான் இருக்கிறது, மீதி எங்கே என்று விசாரிக்க வேண்டும்" என்பது போதும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

போன்

போனை எடுத்துக்கொள்வது வேறு, அதைத் திறந்து பார்ப்பது வேறு. முதலாவதுக்கு, வழக்கோடு சம்பந்தம் இருந்தால் அதிகாரம் உண்டு. போனைத் திறக்கும் பேட்டர்னைச் சொல் என்று கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) ஒரு பக்கம், கைரேகை மாதிரி இதுவும் ஒரு அடையாளம்தானே என்ற வாதம் இன்னொரு பக்கம். உங்கள் கணவர் ஏற்கெனவே போட்டுக் காட்டிவிட்டார், எந்தச் சூழ்நிலையில் காட்டினார் என்பதை வக்கீலிடம் சொல்லட்டும். போனின் ஐ.எம்.இ.ஐ. எண் மகஜரில் இருக்கிறதா என்று வாங்கிய பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் அண்ணன் மகன், வேறு போனிலிருந்து கூகுள் கணக்குக்குள் போய் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று சொன்னானாமே. தயவுசெய்து அவனைத் தடுங்கள். அடிதடிக் கேஸ் இது, அதோடு மின்னணுப் பதிவை அழித்த குற்றமும் சேர்ந்துகொண்டால் (நியாய சன்ஹிதா 241) நீங்களே ஒரு கேஸைத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வங்கியில் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்தி வைப்பதில் தவறில்லை.

அரிவாளும், வெள்ளைத்தாளும்

நீங்கள் அரிவாளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் இந்தக் கேஸின் உயிர்நாடியாகத் தெரிகிறது. டெல்டாவில் எந்தச் சம்சாரி பையிலும் கருக்கரிவாள் இருக்கும், அது இருந்தது என்பதே குற்றமில்லை. கேள்வி, அது எங்கே எப்போது எடுக்கப்பட்டது என்று போலீஸ் எழுதியிருக்கிறது என்பது. டீக்கடை பெஞ்சில் பையிலிருந்து எடுத்தார்கள். இதையே நாளைக்குக் குற்றப்பத்திரிகையில், கைதானவர் வாக்குமூலம் கொடுத்து, பாமணி ஆற்றங்கரைப் புதரிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று எழுதினால் என்ன ஆகும்? போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது, ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும் என்று சாட்சியங்களுக்கான புதுச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவு (பழைய 27) இடம் கொடுக்கிறது, அதனால்தான் இப்படி எழுதும் பழக்கமே வந்தது. உங்கள் பட்டியலில் "கருக்கரிவாள் 1" என்பது கைதான நேரத்து உடல் சோதனைப் பட்டியலில் இருந்தால், அப்புறம் அதைப் புதரில் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தாளின் நகல் உங்களுக்கு 22,400 ரூபாயை விட மதிப்புள்ளது.

இன்னொன்று. கருக்கரிவாளின் வாயில் ரம்பம் மாதிரிப் பொடிப் பல் இருக்கும். அதனால் ஏற்பட்ட காயமா, மதகுக் கட்டையில் விழுந்து மண்டை உடைந்ததா என்பது மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) காயத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை வக்கீல் பார்க்கட்டும். அன்று மடையில் உண்மையில் என்ன நடந்தது என்று எனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை நான் இங்கே தொடவில்லை, நீங்களும் இனிமேல் வக்கீல் தவிர யாருக்கும் எழுதவோ வாட்ஸ்அப்பில் பேசவோ வேண்டாம்.

ஸ்டேஷனில் மூன்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கணவர் சொல்வது உண்மையானால், ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது மாஜிஸ்திரேட் "போலீஸ் மேல் ஏதாவது புகார் உண்டா" என்று கேட்டாரே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் சொல்லவில்லை, பரவாயில்லை, இப்போது மனுவில் சேருங்கள். கைது குறிப்பில் கையெழுத்துப் போடுவது முறைதான். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை (பி.என்.எஸ்.எஸ். 181ஆவது பிரிவு). உங்கள் கணவர் மேல் போட்டவை எல்லாமே ஏழு வருஷமோ அதற்குக் குறைவோ தண்டனை உள்ள பிரிவுகள் என்பதால், கைது செய்யாமல், விசாரணைக்கு வரச் சொல்லும் 35(3) நோட்டீஸ் கொடுத்திருக்கலாமே, கைது செய்ததற்கு என்ன காரணம் எழுதினார்கள் என்று 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பை வைத்துக் கேட்கலாம், ஆனால் ஜாமீன் கிடைத்துவிட்ட பிறகு அதில் ஆதாயம் குறைவு.

பைக்கும் உங்கள் போனும்

இரண்டும் உங்கள் பெயரில் இருப்பதால் மனுவும் உங்கள் பெயரில்தான் போக வேண்டும், கணவர் பெயரில் போட்டுத் திருப்பி அனுப்ப வைத்துக்கொள்ளாதீர்கள். பொருள் கோர்ட்டுக்கு வந்துவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 497ஆவது பிரிவில், வராமல் ஸ்டேஷனிலேயே இருந்தால் 503ஆவது பிரிவில் மனு. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், போன் வாங்கிய பில் மூன்றும் வேண்டும். ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் வண்டிகளைத் துருப்பிடிக்க விடக் கூடாது, போட்டோ எடுத்துக்கொண்டு பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. பைக் பெரும்பாலும் கிடைத்துவிடும், விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. உங்கள் போனை எந்தச் சந்தேகத்தில் எடுத்தார்கள் என்று எழுதியே இருக்காது என்று நினைக்கிறேன்.

வக்கீல் கட்டணம் கட்ட முடியவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் நேரில் கேளுங்கள், இல்லையென்றால் 15100க்கு போன் செய்யுங்கள். உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று மதுரைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்குத்தான் மதுரைக் கிளை, திருவாரூர் மாவட்டத்துக்குச் சென்னை. அதற்கு முன்னால் இந்த வாரத்திலேயே நகல் மனுவைப் போட்டு, எதிர்க்கடைக் கேமராவைக் கேட்டுவிடுங்கள்.